வேலிக்கு உள்ளே ஓர் அறை

“எட்டு ரூமும் ஃபுல் சார்” என்றார் விடுதி மேலாளர், தலையை நிமிர்த்தாமலே.

தேசியப் பூங்காவுக்குள் இருப்பது இந்த ஒரே விடுதிதான். இருட்டுவதற்குள் அறை கிடைக்காவிட்டால் வெளியேறிவிட வேண்டும்.

நான் கார் சாவியை எடுத்தேன். வற்புறுத்திக் கேட்க எனக்கு வராது. இப்போதெல்லாம் எதுவுமே வருவதில்லை.

“இருங்க மாப்பிள்ளை” என்றார் அத்தை. என் மனைவியின் அம்மா.

அவள் இறந்தபின் நாங்கள் இருவரும் சேர்ந்து வந்த முதல் பயணம். பூங்காவுக்குள் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. எத்தனையோ முறை வந்தும் வேலிக்கு வெளியேதான் இடம் அமைந்தது. டயர் கடைக்கு மேல் ஒரு லாட்ஜ். பஸ் நிலையத்துக்கு எதிரே, விடிய விடிய ஹாரன் கேட்கும் இன்னொன்று. சீசனில் அதற்கே அடிதடி.

அந்த அடிதடியிலும் இடம் பிடிப்பாள். என்னைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டுப் போவாள், சாவியோடு வருவாள். எப்படி என்று கேட்டால், தொழில் ரகசியம் என்பாள்.

இன்றுதான் அதை நேரில் பார்த்தேன்.

அத்தை மேலாளரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விடுதியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். சமையலறை. ஒருவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“ராத்திரிக்கு எத்தனை பேருக்கு சமைக்கறீங்க தம்பி?”

“பதினாலு பேரும்மா.”

“எட்டு ரூமும் ஃபுல்லுன்னாரே உங்க மேனேஜர். ரூமுக்கு ரெண்டு பேர்னாலும் பதினாறு வருதே?”

மாவில் கை நின்றது. “கடைசி ரூம்காரங்க வண்டி வழியில படுத்துடுச்சு. நாளைக்குத்தான் வர்றாங்க.” பிறகு அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க போலீஸா?”

“மாமியார்.”

“அப்ப அதுக்கும் மேல!”

இருவரும் சிரித்தார்கள்.

முன்பக்கம் வந்து மேலாளரிடம், கடைசி அறை இன்று சும்மாதானே கிடக்கிறது, விடிந்ததும் காலி செய்துவிடுகிறோம் என்றார் அத்தை. குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. மகள் இறந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் பாதி நேரத்தில் காரியம் முடிந்திருக்கும்.

மேலாளர் சாவியை நீட்டினார்.

அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை ஊர், எத்தனை லாட்ஜ் பார்த்தவரோ.

உள்ளறை அத்தைக்கு, கம்பிவலை அடித்த வராந்தா எனக்கு. வலைக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. காட்டலாம் என்று அத்தையைக் கூப்பிடப் போனேன்.

அவர் கட்டிலில் உட்காரவில்லை. வெள்ளை விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ளை, காலையில இதை நாமதான் துவைச்சுக் குடுத்துட்டுப் போகணுமா?”

எனக்கு உடனே புரியவில்லை. “அத்தை, நீங்க இதுக்கு முன்னாடி லாட்ஜ்ல தங்கினதே இல்லையா?”

“நான் எங்க தங்கினேன்? ஒவ்வொரு தடவையும் ஊர் திரும்பினதும் போன் பண்ணுவா. சமையக்கட்டுல என்ன கேட்டா, மேனேஜர் மூஞ்சி எப்படிப் போச்சு, ஒண்ணு விடாம சொல்லுவா.” விரிப்பை மெல்லக் கீழே விட்டார். “இது ஒண்ணைத்தான் அவகிட்ட கேக்காம விட்டுட்டேன்.”