மதில் தாண்டி வரும் பந்து

பக்கத்து வீட்டுச் சோமலதா மதிலருகே நின்று சண்டைக்கு வந்தாள். "தங்கச்சி, உன் மகளோட பந்து என் அந்தூரியத்தை ஒடிச்சிட்டுது. இனிமே திருப்பித் தரமாட்டேன்."

மஹரகமவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த நில்மினிக்குப் பிள்ளை கிடையாது. "எங்க வீட்டில யாரு அக்கா பந்து விளையாடுறது?"

"நல்ல கதையா இருக்கே. தினம் நாலு மணிக்கு மதில்மேல தலையை நீட்டி, 'ஆன்ட்டி, பந்து'ன்னு கேக்கிறாளே ஓட்டைப்பல்லி, அவ யாரு?"

ஏழு வருஷத்துக்கு முன் பிறந்து, அழாமலே போன நில்மினியின் மகளுக்கு இது பல் விழும் வயது. அவள் மதிலை நெருங்கி வந்தாள்.

"புதுச் செடி வாங்கித் தரேன் அக்கா. அவ கேட்டா பந்தைக் குடுத்துடுங்க."

மறுநாள் நாலு மணிக்கு நில்மினி கொல்லையில் போய் நின்றாள். "இந்தாடி, ஒழுங்காப் புடி" என்று சோமலதாவின் குரல் கேட்டது. பந்து மதிலைத் தாண்டி வந்தது. அது தரையில் விழவில்லை.