தொட்டி போன காலை

"தெருவுல ஒரு வீட்டுக் குப்பைத் தொட்டியையும் திருடனுங்க விடல சார். மூடியும் சக்கரமும் இருக்குல்ல, தண்ணி பிடிச்சு வைக்கத் தோதா இருக்காம்!" என்றார் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன்.

வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் வந்து கத்தினார்.

"குப்பைத் தொட்டியைக்கூடத் திருடறானுங்க! இப்பவே ஸ்டேஷன் போறேன். என்னப்பா சொல்றீங்க?"

எதற்கும் நாலு வார்த்தை கூடவே பேசும் அப்பா, வாயை இறுக்கி மூடியபடி தலையை மட்டும் ஆட்டினார். காலையிலிருந்தே இப்படித்தான்.

"மறுபடியும் அப்பாகூட சண்டையா?" என்று வாத்தியார் மனைவியிடம் சீறினார்.

அவளோ, "ஏங்க, தொட்டியில இருந்த குப்பை?" என்றாள்.

"அது எவனுக்கு வேணும்? வாசல்லயே கொட்டிட்டுப் போயிட்டான். கீழ கிடக்கறதை அள்ள மாட்டேன்னு குப்பை வண்டிக்காரனும் போயிட்டான்."

அடுத்த நொடி மருமகளும் மாமனாரும் வாசலுக்கு ஓடினார்கள். இருவரும் குத்துக்காலிட்டுக் குப்பையைக் கிளறுவதைப் பார்த்து வாத்தியாரும் பின்னாலேயே வந்தார்.

"கிடைச்சிடுச்சு மாமா!" கசங்கிய காகித உருண்டையைத் தூக்கிக் காட்டியவள், கணவர் பக்கம் திரும்பினாள். "நேத்து சாப்பிடறப்ப குத்துதுன்னு கழட்டி, பேப்பர்ல சுத்தி வச்சிருந்தாருங்க. மேசையைத் துடைக்கும்போது நான்தான் தெரியாம குப்பையில போட்டுட்டேன். வண்டியில போயிருக்கும்னு நெனச்சோம். உங்களுக்குத் தெரிஞ்சா என்னைத் திட்டுவீங்கன்னு மாமா வாயே திறக்கல."

அப்பா பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டார்.

"டேய், ஸ்டேஷனுக்கெல்லாம் போகாதே. அந்தத் திருடன் நல்லா இருக்கட்டும்!"