சுபியானின் வைன் கஸ்டட்

சுபியான் ஹோட்டல் சமையலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

"நானா, வெள்ளைக்காரர் பாத்துக்கிட்டிருக்காங்க. ஐஸ்கிறீமுக்கு வைன் கஸ்டட் வேணுமாம். வைன் கொஞ்சம் கூடுதலா விடட்டாம்" என்று வெளியே நின்று குரல் கொடுத்தான் பரிமாறும் கிசோக்.

"ஓம், ஓம். இந்தா வருது."

கால்மணி நேரத்தில் கதவு திறந்தது. வெட்டிய அன்னாசிக்கும் ஐஸ்கிறீமுக்கும் மேலே கஸ்டட் இளஞ்சிவப்பாய் நுரைத்து வழிந்தது. அறுகம்பேக்கு வரும் உல்லாசப் பயணிகள் அதற்காகவே அந்த ஹோட்டலைத் தேடி வந்தார்கள்.

அந்தப் புகழ் அவருடைய ஊரான மருதமுனைக்கும் எட்டியது. அதுதான் வினையாகிப் போனது. மகள் அப்னாவின் கலியாணத்துக்கு நாள் குறிக்கிற நேரத்தில், மாப்பிள்ளையின் வாப்பா சீனிமுகம்மது நிந்தவூரிலிருந்து தனியாக வந்து இறங்கினார். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"தம்பி, நீங்க வைன் ஊத்திச் சமைக்கிறீங்களாமே. ஹறாமான உழைப்பு வாற ஊட்டுல நாங்க சம்மந்தம் செய்ய ஏலா. கோவிக்காதீங்க."

திரைக்குப் பின்னால் அப்னா விம்முவது கேட்டது. ஒன்பது வருடமாக யாருக்கும் சொல்லாததை, முதலாளி அறிந்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தும், சுபியான் சொல்லிவிட்டார்.

"வல்லாஹி, ஒரு சொட்டு வைன் அந்தச் சட்டிக்குள்ள போனதில்ல, ஹாஜியார். வைன் வடிக்கிற அதே முந்திரிகைப் பழச் சாறைச் சுண்டக் காச்சி, தேசிக்காப் புளி விட்டு, முட்டை மஞ்சக் கருவோட சுடுதண்ணிக்கு மேல வெச்சு அடிக்கிறன். அதுக்குத்தான் கதவப் பூட்டுற. முதலாளி கிழமைக்கு ரெண்டு போத்தல் வைன் தருவாரு. அவருக்குச் சந்தேகம் வரப்படாதெண்டு வெறும் போத்தலாத்தான் திருப்பிக் குடுப்பன்."

சீனிமுகம்மதுவின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று எழுந்து கட்டித் தழுவினார். சுபியானின் மனைவி றினோஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் வைக்க ஓடினாள்.

தேநீர் வந்தது. ஒரு மிடறு குடித்த சீனிமுகம்மது, ஏதோ யோசனையில் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப, அந்த வைன ஆரு குடிக்கிறது?"