உட்காரக் கூடாத கடை

“சின்னு, குடோனுக்குப் போய் வெள்ளைச் சட்டை நாற்பது சைஸ் எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வா.”

சூப்பர்வைசர் சொன்னதும், சின்னு இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள். அவளுக்கு இது ஏழாம் மாசம். காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கீழே போகிறாள்.

எதிர் கவுன்ட்டரில் சட்டை மடித்துக்கொண்டிருந்த வக்கீலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சட்டம் படித்த வக்கீல் இல்லை, படிப்பு பத்தாவதோடு சரி. யாருக்கு எது நடந்தாலும் முதல் ஆளாக வாதாடப் போவதால், அந்தத் துணிக்கடையில் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

“எண்ணினதையே எத்தனை தடவை மேடம் எண்ணச் சொல்வீங்க? மாசமா இருக்கிற பொண்ணு. வேற யாரையாவது அனுப்பக் கூடாதா?”

“உன் வேலையைப் பாரு” என்றாள் சூப்பர்வைசர்.

இந்தப் பொம்பளைக்கு இரக்கம் மருந்துக்கும் கிடையாது என்பது வக்கீலின் பழைய தீர்ப்பு. அதற்கு அவளே சாட்சி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரிடம் வக்கீல் எதிர்த்துப் பேசிவிட்டாள் என்று, “இந்த வாயை வச்சுக்கிட்டு வியாபாரம் பண்ண முடியாது, போய் பட்டன் தை” என்று எல்லார் முன்னாலும் தையல் அறைக்குத் துரத்தினாள் சூப்பர்வைசர். முட்டி வீங்கி நொண்டிக்கொண்டு வருகிறவள் என்றுகூடப் பார்க்கவில்லை. முழுசாக ஒரு மாசம் பட்டன்தான். அந்த அவமானம் வக்கீலுக்கு இன்னும் ஆறவில்லை.

கடையில் விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. பத்து மணி நேரமும் நிற்க வேண்டும். ஆள் வராத மத்தியானத்தில் சுவரில் சாய்ந்தால்கூட, கேமராவில் பார்த்துவிட்டு முதலாளி அறையிலிருந்து போன் வரும். இரண்டு தடவை மாட்டினால் வேலை போய்விடும்.

அதனால்தான் வக்கீல் மனு எழுதினாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார எங்களுக்கு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு பேரும் பயந்து பயந்தாவது கையெழுத்துப் போட்டார்கள். சூப்பர்வைசர் மட்டும் வாங்கி முழுசாகப் படித்துவிட்டு, எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வக்கீல் மனுவைக் கொண்டுபோய் நீட்டியபோது முதலாளியும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். உங்களை மேய்க்கிறவளுக்கே இது அவசியமாகப் படவில்லையே, அவள் கையெழுத்தோடு வா, பார்க்கலாம் என்றார்.

வக்கீல் வெறுங்கையோடு திரும்புகிற ஆள் இல்லை. சின்னுவைக் குடோனுக்கு அலைய விடுகிற கதையையும் அங்கேயே போட்டு உடைத்தாள். படியில் விழுந்து வைத்தால் கடை பெயர் கெட்டுப்போகும் என்று முதலாளி பயந்துவிட்டார். இனி சின்னு கீழே இறங்கக் கூடாது என்று உடனே உத்தரவு போட்டார்.

பாதி ஜெயித்த சந்தோஷத்தில் வக்கீல் ஓடிப்போய் சின்னுவிடம் சொன்னாள். சின்னுவின் முகம் சுண்டிப்போய்விட்டது.

“என்னக்கா பண்ணிட்டு வந்திருக்கீங்க?” என்றாள் மெதுவாக. “குடோன்ல சட்டைப் பெட்டிக்குப் பின்னாடி போய்ப் பாருங்க.”

வக்கீல் போய்ப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால், கேமரா இல்லாத மூலையில், முதுகு சாய்க்கிற நாற்காலி ஒன்று இருந்தது. அதில் பழைய திரைத்துணியை மடித்துத் தைத்த மெத்தை. வீங்கிய காலைத் தூக்கி வைக்க ஒரு காலிப் பெட்டி, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். சரக்கு எண்ணுகிற தாளின் தலையில் சூப்பர்வைசரின் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘அவசரமில்லை. இருபது நிமிஷம் எண்ணவும்.’

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. வக்கீல் படியேறி வந்தபோது, சின்னு கவுன்ட்டரில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். பார்க்கவே வக்கீலுக்கு அழுகை வந்தது.

நேராக சூப்பர்வைசரிடம் போனாள்.

“தெரியாம பண்ணிட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.” மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி” என்றாள் சூப்பர்வைசர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “மனுல கையெழுத்துப் போட்டா என்னைத் தூக்கிடுவாங்க, நான் போனா அந்த ஒரு நாற்காலியும் போயிடும்னு பயந்தேன். ஒளிச்சு வைக்கிற அளவுக்குத்தான் எனக்குத் தைரியம். எல்லாருக்கும் சேர்த்து நேரா கேக்கற தைரியம் உனக்குத்தான் இருந்துச்சு. அந்தத் தாளைக் கொடு.”

இருபத்திரண்டு பேருக்குக் கீழே இருபத்து மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டாள்.

“சாயங்காலம் ரெண்டு பேருமா போய்க் கொடுப்போம். தையல்காரர்கிட்டயும் பேசிட்டேன். நாற்காலி வர்ற வரைக்கும் சின்னு அங்க பட்டன் தைக்கட்டும்.”

அதுவரை உருகிப்போயிருந்த வக்கீலுக்குச் சுருக்கென்றது.

“பட்டனா? எனக்குக் கொடுத்த தண்டனைய அந்தப் புள்ளைக்கும் கொடுக்கணுமாக்கா?”

சூப்பர்வைசர் பேனாவை மூடிக்கொண்டே அவளுடைய முட்டியைப் பார்த்தாள்.

“ஏன், நீ பட்டனை நின்னுக்கிட்டா தச்சே?”