விடுப்பே எடுக்காதவள்

ஒரு வருடப் பிரசவ விடுப்பு முடிந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்ற ஜெனோவாவைப் பார்த்ததும் துறைத்தலைவி சங்கமித்ரா மேசைமேல் இருந்த ஆசிரியர் பட்டியலில் பார்வையைத் தாழ்த்தினாள்.

"நாளையிலிருந்து வகுப்புக்கு வரட்டுமா மேடம்?"

ஜெனோவாவின் முகத்தையும் குரலையும் வாங்கிச் செய்த செயற்கை நுண்ணறிவு நிழலுருவை வகுப்புத் திரையில் நிறுத்தியது சங்கமித்ராதான். அது விடுப்பே கேட்பதில்லை. கணினித் துறை ஆசிரியர்களில் பாதிப்பேர் பெண்கள், ஒருத்திகூட விலகவில்லை என்று விருதே வந்துவிட்டது. மேடையேறிச் சிரித்துக்கொண்டே அதை வாங்கியவளும் சங்கமித்ராதான்.

"இடம் காலியா இல்லையேம்மா. பட்டியல்ல நீ இன்னும் இருக்கியே."

"நான் வர்ற வரைக்கும்தான்னு சொன்னீங்களே மேடம்!"

அடுத்த அறையில் ஜெனோவாவின் குரல் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. குழந்தை அந்தப் பக்கம் கையை நீட்டி, "அம்மா" என்றது.