குழியில் விழுந்த கஸ்பார்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொல்லுற கதை இல்லை இது. சம்பந்தப்பட்ட நாலு பேரும் பாளையங்கோட்டையில இன்னும் நல்லா நடமாடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இசக்கிச்செல்வியின் ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு கொலைக்கேஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"செத்துட்டான்" என்றார் மின்வாரிய ஆபீஸ் கார்த்திகேசன் அண்ணாச்சி.

"இன்னும் சாகலை" என்றார் காலேஜில் பாடம் எடுக்கும் ஸ்ரீலக்ஷ்மி டீச்சர்.

நடுவில் முழித்துக்கொண்டிருந்தவன் கப்பலில் வேலை பார்க்கும் புன்னக்காயல் ஜோஷுவா. செத்தது அவன் இல்லை. அவனுடைய கஸ்பார்.

விஷயம் இதுதான். நாலு பேரும் ஆறு வருஷமாக ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். செல்வி கதை சொல்லுவாள். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வீரனாக மாறி, வாளை உருவுகிறேன், சுவரேறிக் குதிக்கிறேன் என்பார்கள். நடந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். தகராறு வந்தால் சட்டப் புத்தகம் சொல்லும்.

இப்போது தகராறே புத்தகத்தால்தான். கம்பெனிக்காரன் திருத்திய பதிப்பு போட்டுவிட்டான்.

ஜோஷுவாவின் வீரன் கஸ்பார் பாம்புக் குழியில் விழுந்து கிடக்கிறான். உயிர்ப்புள்ளி சைபர். பழைய புத்தகப்படி ஆள் காலி. புதுப் புத்தகத்தில், கடைசியாக ஒரு தடவை பகடை உருட்டலாம். பத்தோ அதுக்கு மேலோ விழுந்தால் பிழைப்பான்.

"சைபர்னா சைபர்தான் டீச்சர். கரண்டு போயிட்டுன்னா போயிட்டு. கடைசியா ஒரு தடவை எரிஞ்சுக்கிடுதேன்னு பல்பு கேக்குமா?"

"உங்க பழைய புத்தகத்துல குதிரையைவிட ஆமை வேகமா ஓடுது அண்ணாச்சி. தப்புன்னு அச்சடிச்சவனே ஒத்துக்கிட்டான்."

"அந்த ஆமை மேல ஏறித்தானே மூணு கோட்டையைப் பிடிச்சோம்? அப்ப மட்டும் இனிச்சுதோ?"

புதுப் பதிப்பில் ஆமை நடக்க மட்டும்தான் செய்கிறது. அதில் டீச்சருக்கும் வருத்தம்தான். வெளியே சொல்லமாட்டார்.

ஜோஷுவா கெஞ்சினான். "நாளன்னைக்குக் கப்பல் ஏறுதேன் அண்ணாச்சி. ஒம்போது மாசம். ஆளை உசுரோட அனுப்புங்களேன்."

"சட்டம்னா சட்டம்லே!"

இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பலிலிருந்து ஜோஷுவா தன் பேரில் போடும் மெசேஜ் எப்போதும் ஒன்றுதான்: 'சாப்பிட்டேன். நல்லாயிருக்கேன்.' கஸ்பார் பேரில் போடுவதுதான் நிஜம். 'இன்னைக்குக் கடல் மிரட்டிட்டு. கஸ்பாருக்குப் பயமில்ல. அம்மாவ நெனச்சுக்கிட்டான்.' கஸ்பார் செத்தால் அந்த வரியும் வராது.

"நான்தானே கதை சொல்லுதேன்? புதுசுப்படியே போவோம்" என்றாள் செல்வி.

அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டார். "உருட்டட்டும். பொறவு என்கிட்ட வந்து அழக் கூடாது."

ஜோஷுவா சிலுவை போட்டுக்கொண்டு உருட்டினான்.

மூணு.

டீச்சர் புதுப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "மறுபடி உருட்ட இதுல வழியே இல்லைப்பா" என்றபோது குரல் இறங்கிவிட்டது. ஜோஷுவா கஸ்பாரின் பேப்பரை எடுத்து நாலாக மடிக்க ஆரம்பித்தான்.

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். 'நான் அப்பவே சொன்னேன்லா' என்று இனி ஒரு வருஷத்துக்கு இவர் அடிக்கப்போகும் பெருமையைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

"செல்லாது" என்றார் அண்ணாச்சி.

"எது?"

"பகடை டீ கிளாஸ்ல முட்டித் திரும்பிட்டு. பழைய புத்தகம், நாப்பத்தொண்ணாம் பக்கம். வேற சாமான்ல முட்டுன பகடை செல்லாது. மறுபடி உருட்டணும்."

"கிளாஸ் அங்கன மூலையிலல்லா இருக்கு அண்ணாச்சி?" என்றான் ஜோஷுவா.

"நீ பொத்திக்கிட்டு உருட்டுலே!"

டீச்சர் விடவில்லை. "பழைய புத்தகம்னா இவன் அப்பவே செத்தாச்சே?"

"அது சாவுச் சட்டம் டீச்சர். இது பகடைச் சட்டம். சாவுக்குப் புதுசு, பகடைக்குப் பழசு."

"சரி. அந்தப் பக்கத்தைக் காட்டுங்க."

பழைய புத்தகம் செல்வி பக்கத்தில் கிடந்தது. எடுத்துப் பிரித்தாள். நாற்பத்தொன்றாம் பக்கம் முழுக்க ஒரே படம். ரெண்டு தலை ராட்சசன் ஒருத்தன் ஆட்டுக்கிடாயைத் தின்றுகொண்டிருந்தான். ஒரு எழுத்துக்கூட இல்லை.

அண்ணாச்சி ஃபேன் இறக்கையை எண்ணிக்கொண்டிருந்தார்.

செல்வி தொண்டையைச் செருமினாள். இங்கிலீஷ் புத்தகத்தை எப்போதும் அவள்தான் தமிழாக்கிச் சொல்வாள். ராட்சசன் முகத்தில் விரலை வைத்து, வரி வரியாக நகர்த்திக்கொண்டே வாசித்தாள்.

"பகடையானது, தேநீர்க் கோப்பை முதலான அயல் பொருளில் மோதினால் அது செல்லாது. மோதினதா என்பதைக் கூட்டத்தில் மூத்தவர் சொல்ல வேண்டும். கீழே சின்ன எழுத்துல ஒரு குறிப்பும் இருக்கு டீச்சர். இனி வரப்போற எந்தப் பதிப்பும் இதை மாத்தக் கூடாதாம்."

"எங்க, குடு பார்ப்போம்" என்று டீச்சர் கையை நீட்டினார்.

செல்வி பகடையை எடுத்து ஜோஷுவா உள்ளங்கையில் வைத்தாள். புத்தகத்தை மூடிப் பைய ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதைத் தன் நாற்காலியில் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.