சூடு ஆறாத குப்பி

ஜாக்கெட்டுக்குள் குப்பி இன்னும் சூடாகத்தான் இருந்தது. டார்லா அதை வயிற்றோடு அணைத்தபடி கிளினிக் கழிவறைக்குள் நுழைந்து தாழ் போட்டாள்.

உள்ளே இருந்தது சூப் அல்ல, மகள் ஹேலியின் சிறுநீர்! "ஓட்டப்பந்தய டீமுக்கு டெஸ்ட் கேக்கறாங்கடி, பிடிச்சுக் குடு" என்று காலையில் புளுகி வாங்கியது. இவளும் ஒரு தாயா என்று கேட்காதீர்கள். அவளே வழியெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

வேறென்ன செய்வாள்? சனிக்கிழமை தோழியின் பிறந்தநாளில் இரண்டு இழுப்பு கஞ்சா இழுத்துத் தொலைத்தாள். நேற்று பார்த்து, சிறுநீர்ப் பரிசோதனைக்கு வரச்சொல்லி டாக்டரிடமிருந்து போன்!

கஞ்சா தெரிந்தால் மனம் சிதறாமலிருக்க அவர் கொடுக்கும் மாத்திரை நின்றுவிடும். முதலில் பசியைக் கொன்றாலும், அவளை மனுஷியாக்கியதே சமையலறை அலமாரியில் இருக்கும் அந்த மாத்திரைதான். அது இல்லாத காலத்தில் இரண்டு வேலை போனது. இதுவும் போனால் தாயும் மகளும் நடுத்தெருவில்தான்.

ஹேலி தங்கமான பெண். பீர், சிகரெட் எதையும் தொடமாட்டாள். ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படிப்பாள். காலையில் பான்கேக்கைக்கூட அப்படியே வைத்துவிட்டாள்.

"ஒரு வாய் தின்னுட்டுப் போடி, எலும்பும் தோலுமா ஆயிட்டே!"

"பசிக்கலம்மா. பரீட்சை இருக்கு, ஆளை விடு."

படிக்கிற பிள்ளை என்றால் அப்படித்தான் என்று டார்லாவுக்கு உள்ளூரப் பெருமை.

குப்பியில் இருந்ததைக் கிளினிக் கிண்ணத்தில் ஊற்றி நர்ஸிடம் நீட்டினாள். அப்போதுதான் பிடித்ததா என்று நர்ஸ் சூட்டைப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் பெம்பர்ட்டன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிண்ணத்தின் பக்கத்தில் தெரிந்த பரிசோதனைக் கோடுகளைப் பார்த்தார்.

"கஞ்சா இல்ல. வேற போதை எதுவும் இல்ல."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. "நான்தான் சொன்னேனே டாக்டர், அந்தப் பக்கமே போக மாட்டேன்னு" என்று சிரித்தபடி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்டரும் சிரித்தார்.

"நான் குடுத்த மாத்திரை மட்டும் நல்லாத் தெரியுது. ஒழுங்கா சாப்பிடறீங்க, சந்தோஷம்!"